பதினேழு ஆண்டுக் குடியேற்றம்: 'புதிய ஸ்வீடன்' வரலாறு காக்கப்பட்ட விதமும் கற்பிக்கும் விதமும்

எட்டாம் வகுப்பில் 'ஐரோப்பியர்களின் வருகை' பாடத்தை நடத்தும்போது போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் ஆகியோருக்கு அதிக நேரம் கொடுக்கிறோம். டேனியர்களைப் பற்றித் தரங்கம்பாடியோடு சில வரிகளில் முடித்துவிடுகிறோம். 1620-இல் டேனியர்கள் தரங்கம்பாடியில் கால் ஊன்றினார்கள். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1638-இல், அவர்களது அண்டை நாடான ஸ்வீடன் வட அமெரிக்காவில் ஒரு கோட்டையைக் கட்டியது. அங்கே உருவான குடியேற்றத்துக்குப் 'புதிய ஸ்வீடன்' என்று பெயர். அது 17 ஆண்டுகளே நீடித்தது. அதன் உச்சத்திலும் அங்கிருந்தவர்கள் சில நூறு பேர்தான்.

இவ்வளவு சிறிய குடியேற்றத்தைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? காரணம் இருக்கிறது. அதன் வரலாறு எப்படிப் பதிவானது, யார் அதைக் காத்தார்கள், காத்தவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்பதைப் படிப்படியாகக் காட்ட முடிகிற அளவுக்கு அது சிறியது. பெரிய பேரரசுகளின் வரலாற்றில் இதை மாணவர்களுக்குக் காட்டுவது கடினம். 'வரலாறு எங்கிருந்து வருகிறது சார்?' என்று கேட்கும் மாணவருக்குப் புதிய ஸ்வீடன் நல்ல எடுத்துக்காட்டு.

கோட்டை எழுந்த கதை

1637-ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்வீடனிலிருந்து 'கால்மர் நிக்கெல்', 'ஃபோகெல் கிரிப்' என்னும் இரண்டு கப்பல்கள் புறப்பட்டன. 1638 மார்ச்சில் அவை டெலாவேர் ஆற்றின் கிளையாறு ஒன்றுக்குள் நுழைந்தன. கரையில் இயற்கையாகவே துறைபோல் அமைந்திருந்த பாறைகளின் அருகே நங்கூரமிட்டன. அந்த இடம் இன்றைய டெலாவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் உள்ளது. அங்கே கட்டப்பட்ட கோட்டைக்குக் கிறிஸ்டினா கோட்டை என்று பெயரிட்டார்கள். ஸ்வீடனின் அரசி கிறிஸ்டினாவுக்கு அப்போது வயது 11. நம் ஆறாம் வகுப்பு மாணவியின் வயது.

பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் பீட்டர் மினுயிட். இவர் ஸ்வீடன்காரர் அல்லர். ஜெர்மனியின் வேசெல் நகரில் பிறந்தவர். டச்சுக்காரர்களின் 'புதிய நெதர்லாந்து' குடியேற்றத்துக்கு ஆளுநராக இருந்தவர். 1626-இல் மன்ஹாட்டன் தீவை டச்சுக்காரர்களுக்காக வாங்கியவராகப் பாடநூல்களில் இடம்பெறுபவரும் இவரே. டச்சுக் கம்பெனியிலிருந்து நீக்கப்பட்ட பின் ஸ்வீடனுக்காகப் பணியாற்றினார். கோட்டையில் இருபதுக்கும் சற்று அதிகமான ஆட்களை விட்டுவிட்டுத் திரும்பும் வழியில், அதே ஆண்டு, கரீபியன் கடலில் புயலில் சிக்கி இறந்தார்.

ஸ்வீடன் அங்கே போனதற்கு முக்கியக் காரணம் வணிகம். ஐரோப்பாவில் தொப்பி செய்யப் பீவர் என்னும் விலங்கின் ரோமத்துக்குப் பெரும் தேவை இருந்தது. புகையிலைக்கும் நல்ல விலை கிடைத்தது. பீவர் தோலைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அந்நிலத்தின் மக்களான லெனாப்பே, சஸ்குஹனாக் இனத்தவர்கள். துணி, கோடரி, கெண்டி போன்ற பண்டங்களை மாற்றாகப் பெற்றுக்கொண்டார்கள்.

'ஸ்வீடன்காரர்கள்' யார்?

பெயரில் ஸ்வீடன் இருந்தாலும் குடியேறியவர்கள் எல்லோரும் ஸ்வீடிஷ் மொழி பேசியவர்கள் அல்லர். பின்லாந்து அப்போது ஸ்வீடன் அரசின் பகுதியாக இருந்தது. பின்லாந்திலிருந்து ஸ்வீடனின் காடுகளுக்குக் குடிபெயர்ந்த உழவர்கள் காட்டை வெட்டி எரித்து, சாம்பல் கலந்த மண்ணில் தானியம் விதைத்து வாழ்ந்தார்கள். சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் மரம் வேண்டியிருந்ததால் அரசு அந்த வேளாண்மையைத் தடுத்தது. தடையை மீறியவர்களில் சிலர் தண்டனையாகவே அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். தாய்நாட்டில் குற்றமாகக் கருதப்பட்ட அந்தத் தொழில்திறமைதான் டெலாவேர்க் காடுகளில் பிழைக்கக் கைகொடுத்தது.

அந்தோனி என்ற கறுப்பின மனிதரும் அங்கிருந்தார். 1639-இல் ஃபோகெல் கிரிப் கப்பல் அவரைக் கரீபியன் பகுதியிலிருந்து கொண்டுவந்தது. 1644-ஆம் ஆண்டுக் குடியேற்றப் பட்டியல் அவரை விலைக்கு வாங்கப்பட்ட அடிமை என்று குறிக்கிறது. மாடுகளுக்கு வைக்கோல் சேகரிப்பதும் ஆளுநரின் படகில் உடன் செல்வதும் அவரது வேலைகள். டெலாவேர்ப் பகுதியில் ஆவணத்தில் பெயர் பதிவான முதல் கறுப்பினத்தவர் அவர்.

1643-இல் ஆளுநராக வந்த யோஹான் பிரின்ட்ஸ் மிகப் பருத்த உடல்வாகு கொண்டவர். லெனாப்பே மக்கள் அவரைப் 'பெரிய வயிறு' என்று அழைத்ததாகச் சொல்லப்படுகிறது. பத்து ஆண்டுகள் கடுமையாக ஆட்சி செய்தார். தாய்நாட்டிலிருந்து உதவி வருவது குறைந்துகொண்டே போனது. 1649-இல் புறப்பட்ட 'காட்டன்' என்னும் கப்பல் புவேர்ட்டோ ரிக்கோ அருகே மோதி நின்றது. 1648-க்குப் பிறகு 1654 வரை ஸ்வீடனிலிருந்து ஒரு கப்பலும் வந்து சேரவில்லை. ஆறு ஆண்டுகள் கடிதமும் இல்லை, துணியும் இல்லை, கருவிகளும் இல்லை. 1653-இல் குடியேறிகள் 22 பேர் பிரின்ட்ஸுக்கு எதிராகக் குறைகளை எழுதிக் கையொப்பமிட்டார்கள். அவ்வாண்டே அவர் ஊர் திரும்பினார். அவரது மகள் ஆர்மேகாட் அங்கேயே தங்கி, டினிகம் தீவிலிருந்த பண்ணையைத் தாமே நிர்வகித்தார்.

முடிவும், தாமதமாக வந்த கப்பலும்

அடுத்து வந்த யோஹான் ரைசிங் 1654-இல் டச்சுக்காரர்களின் கசிமிர் கோட்டையைக் கைப்பற்றினார். அதற்குப் பதிலடி மறு ஆண்டே வந்தது. புதிய நெதர்லாந்தின் ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் ஏழு கப்பல்களுடனும் முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களுடனும் வந்து 1655 செப்டம்பரில் இரண்டு கோட்டைகளையும் பிடித்தார். புதிய ஸ்வீடன் முடிந்தது.

செய்தி கடல் கடந்து போக மாதங்கள் ஆகும் காலம் அது. குடியேற்றம் வீழ்ந்ததை அறியாமல் 'மெர்க்கூரியஸ்' என்னும் கப்பல் புறப்பட்டு 1656 மார்ச்சில் வந்து சேர்ந்தது. பயணிகளில் பெரும்பாலோர் பின்லாந்துக்காரர்கள். டச்சுக்காரர்கள் அவர்களை இறங்க விடவில்லை. அப்போது லெனாப்பே மக்கள் கப்பலில் ஏறிக்கொண்டார்கள். அவர்கள் இருக்கும் கப்பலைச் சுட டச்சுக்காரர்கள் துணியவில்லை. கப்பல் கோட்டையைக் கடந்து மேலே சென்று பயணிகளை இறக்கியது. ஒரு கொடியின் ஆட்சி முடிந்தாலும் மக்கள் முடிந்துபோவதில்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இந்தக் கப்பலின் கதை போதும்.

நினைவைக் காத்த ஒரு கடிதம்

டச்சு ஆட்சி 1664-இல் ஆங்கில ஆட்சியானது. 1682-இல் வில்லியம் பென் வந்தார். பிலடெல்பியா நகரம் எழுந்தது. ஆட்சிகள் மாறியும் ஸ்வீடிஷ் குடும்பங்கள் ஆற்றங்கரையிலேயே இருந்தன. போதகர்கள் முதுமையடைந்தார்கள், இறந்தார்கள். தாய்மொழியில் படிக்கப் புத்தகங்கள் இல்லை.

இந்நிலையில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகர அஞ்சல் அதிகாரி யோஹான் தேலின் அவர்களது நிலை கேட்டு எழுதினார். அதற்கு 1693-இல் ஒரு பதில் போனது. எழுதியவர் கார்ல் ஸ்பிரிங்கர். இவரது வாழ்க்கையே ஒரு பாடம். லண்டனில் இருந்த இளைஞரைக் கடத்தி, வர்ஜீனியாவில் ஐந்து ஆண்டுக் கூலி அடிமையாக விற்றார்கள். விடுதலையானதும் ஸ்வீடிஷ் மக்கள் வாழும் இடத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்தார்.

நாங்கள் உழுது விதைத்து வாழ்கிறோம், பெண்கள் நூற்று நெய்கிறார்கள், எங்களுக்குப் போதகர்களையும் புத்தகங்களையும் அனுப்புங்கள் என்பது அக்கடிதத்தின் சாரம். அவர்கள் கேட்ட புத்தகங்களில் 12 பைபிள்களும் 200 ஞானோபதேச நூல்களும் இருந்தன. ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று: 200 அரிச்சுவடிகளும் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் தாய்மொழி எழுத்தை மறந்துவிடுவார்களோ என்ற கவலை அந்த எண்ணில் தெரிகிறது.

கடிதத்தோடு ஒரு குடும்பப் பட்டியலும் போனது. ஏறத்தாழ 190 குடும்பங்கள். 900-க்கும் மேற்பட்ட மனிதர்கள். குடும்பத் தலைவரின் பெயரும் அக்குடும்பத்தில் எத்தனை பேர் என்ற எண்ணும் அதில் உள்ளன. கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், வழக்கறிஞராக இருந்து வம்சாவளி ஆய்வாளரான பீட்டர் ஸ்டெபின்ஸ் கிரெய்க் அந்தப் பட்டியலின் ஒவ்வொரு பெயரையும் எடுத்து, திருச்சபைப் பதிவேடுகளோடும் நீதிமன்ற, நிலப் பதிவுகளோடும் ஒப்பிட்டு 1993-இல் ஒரு நூலாக்கினார். வெறும் எண்களாக இருந்த மனைவியரும் பிள்ளைகளும் பலர் அதில் பெயர் பெற்றார்கள். உதவி கேட்டு எழுதிய கடிதம் இப்படி வரலாற்று ஆவணமாக மாறியது. எழுதியவர்களுக்கு அந்த எண்ணம் சிறிதும் இருந்திருக்காது.

கேட்டு எழுதியவர்கள்

1697-இல் மூன்று போதகர்கள் வந்தார்கள். வில்மிங்டனில் 1699-இலும் பிலடெல்பியாவில் 1700-இலும் கோயில்கள் எழுந்தன. இரண்டும் இன்றும் நிற்கின்றன, வழிபாடும் நடக்கிறது. திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் என ஒவ்வொன்றையும் போதகர்கள் பதிவேட்டில் எழுதினார்கள். பிற்காலத்து ஆய்வுக்கு அடித்தளம் அந்தப் பதிவேடுகளே.

1748-இல் பேர் கால்ம் என்னும் இயற்கையியலாளர் வந்தார். தாவரங்களுக்கு இரு சொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் மாணவர் அவர். செடிகளைத் தேடி வந்தவர், முதியவர்களிடமும் அமர்ந்து பேசினார். 91 வயதான நில்ஸ் குஸ்தாஃப்சன் என்பவரிடம் அந்தக் காலத்தில் வீடு எப்படி இருந்தது, என்ன உண்டார்கள், லெனாப்பே மக்களோடு எப்படிப் பழகினார்கள் என்று கேட்டு எழுதினார். வாய்மொழி வரலாறு என்று இன்று நாம் சொல்லும் முறை அது.

கால்ம் எழுதியவற்றுள் மொழி ஆசிரியர்களை நிறுத்தி யோசிக்க வைக்கும் ஒரு செய்தி உண்டு. ஸ்வீடிஷ் குடும்பங்களின் இளைய தலைமுறையினர் தாய்மொழியில் பேச வெட்கப்பட்டார்கள். அப்படிப் பேசினால் தங்களை உண்மையான ஆங்கிலேயர்களாகக் கருத மாட்டார்கள் என்று அஞ்சினார்கள் என்கிறார். 200 அரிச்சுவடி கேட்டு எழுதி அரை நூற்றாண்டுக்குச் சற்று அதிகமாகவே ஆகியிருந்தது. அமெரிக்கா விடுதலை பெற்ற பின் ஸ்வீடன் போதகர்களை அனுப்புவதை நிறுத்தியது. கடைசியாக வந்தவர்களுள் ஒருவரான நில்ஸ் காலின் 1831-இல் பிலடெல்பியாவில் இறந்தார். கோயில்களின் மொழி ஆங்கிலமாகிவிட்டது.

சங்கமும் கப்பலும்

மொழி போன பிறகு நினைவைக் காக்கும் வேலையை அமைப்புகள் ஏற்றன. 1909-இல் பிலடெல்பியாவில் ஸ்வீடிஷ் குடியேற்றச் சங்கம் தொடங்கப்பட்டது. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த அமாண்டஸ் ஜான்சன், ஸ்வீடனின் ஆவணக் காப்பகங்களில் தேடிப் படித்து, 1911-இல் இரண்டு தொகுதிகளாகப் புதிய ஸ்வீடனின் வரலாற்றை வெளியிட்டார். 1926-இல் பிலடெல்பியாவில் அமெரிக்க ஸ்வீடிஷ் வரலாற்று அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. 1938-இல் முந்நூறாம் ஆண்டு விழா நடந்தது. சிற்பி கார்ல் மில்லெஸ் செதுக்கிய கருங்கல் தூணை ஸ்வீடன் மக்கள் பரிசளித்தார்கள். அதன் உச்சியில் அலைமேல் நிற்கும் கால்மர் நிக்கெல். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் அதைப் பெற்றுக்கொண்டார். முதல் கப்பல் நின்ற பாறைகளின் அருகே இன்றும் அந்தத் தூண் இருக்கிறது.

கற்பிக்கும் பார்வையில் இவற்றைவிடப் பயனுள்ளது கப்பல்தான். கால்மர் நிக்கெலின் முழு அளவு மாதிரி வில்மிங்டனில் கட்டப்பட்டு 1997-இல் நீரில் இறக்கப்பட்டது. அது காட்சிப் பொருள் அல்ல; பாய் விரித்துக் கடலில் ஓடுகிறது. தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று மாலுமிகளாகப் பணியாற்றுகிறார்கள். மாணவர்கள் ஏறிக் கயிறு இழுக்கிறார்கள். அத்தனை பேர் இவ்வளவு சிறிய தளத்தில் பல வாரங்கள் எப்படி இருந்தார்கள் என்ற கேள்வி அவர்களுக்கு அங்கே தானாகவே எழுகிறது.

நினைவு வழி தவறிய இடங்கள்

இதுவரை சொன்னது காத்தவர்களின் பெருமை. காப்பவர்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. மூன்று இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, பெரிய மனிதர்களைத் தேடும் ஆசை. 1776-இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட ஜான் மார்ட்டன், புதிய ஸ்வீடனுக்கு வந்த மார்ட்டி மார்ட்டினென் என்னும் பின்லாந்துக்காரரின் கொள்ளுப்பேரன். இதற்குச் சான்று உண்டு. கூட்டமைப்புக் காலத்து அமெரிக்கப் பேரவையின் தலைவராக இருந்த ஜான் ஹான்சனையும் புதிய ஸ்வீடனின் வழித்தோன்றல் என்று நூறாண்டுக்கு மேல் பெருமையோடு எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியான ஒரு நூல் சொன்னதை அடுத்தடுத்தவர்கள் அப்படியே எடுத்தாண்டார்கள். பின்னர் வம்சாவளி ஆய்வாளர்கள் மூல ஆவணங்களைத் தேடிப் பார்த்தபோது அந்தச் செய்திக்கு அடிப்படையே இல்லை என்று தெரிந்தது. பத்துப் புத்தகங்களில் இருப்பதால் ஒன்று உண்மையாகிவிடாது. பத்தும் ஒன்றையே பார்த்து எழுதியிருக்கலாம். வரலாற்று முறையை விளக்க இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இரண்டாவது, நேரில் காணாதவரின் நூல். யோஹான் கம்பானியஸ் என்ற போதகர் 1643 முதல் 1648 வரை அங்கிருந்து லெனாப்பே மக்களின் பேச்சைக் கற்றார். ஞானோபதேச நூலை அவர்கள் பேச்சில் ஆக்கினார். அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1696-இல், ஸ்டாக்ஹோமில் அது அச்சானது. ரொட்டி அறியாத மக்களுக்காக, அன்றாட உணவை வேண்டும் வரியில் மான் இறைச்சியையும் சோளத்தையும் அவர் வைத்தார். ஆனால் அவர் கற்றது முழுமையான லெனாப்பே மொழி அல்ல. வணிகத்துக்கு வழங்கிய ஒரு கலப்புப் பேச்சு என்பது மொழியியலாளர் கருத்து. அவருடைய பேரன் தாமஸ் கம்பானியஸ் ஹோம் 1702-இல் புதிய ஸ்வீடனைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நெடுங்காலம் எல்லோரும் மேற்கோள் காட்டியது அந்த நூலைத்தான். அவரோ அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. தாத்தாவின் குறிப்புகளும் பேர் லிண்ட்ஸ்ட்ரோம் என்ற பொறியாளரின் வரைபடமுமே அவருக்கு ஆதாரம்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. 'ஸ்வீடன்காரர்கள் பழங்குடி மக்களோடு நட்போடு வாழ்ந்தார்கள்' என்பது விழா மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். பெரும் போர் நடக்கவில்லை என்பது உண்மை. மெர்க்கூரியஸ் கப்பலின் கதையும் உண்மை. ஆனால் 1644-இல் ஆளுநர் பிரின்ட்ஸ் ஸ்வீடனுக்கு அனுப்பிய அறிக்கையில், இரு நூறு வீரர்களை அனுப்பினால் இந்த ஆற்றங்கரையில் லெனாப்பே மக்கள் ஒருவரும் மிஞ்சாதபடி செய்துவிடலாம் என்ற கருத்தை எழுதியிருக்கிறார். வீரர்கள் வரவில்லை. அமைதிக்கு நல்ல மனம் மட்டும் காரணமில்லை. படை இல்லாமையும் காரணம். சோளத்துக்கும் தோலுக்கும் லெனாப்பே மக்களை நம்பியிருந்த சிறு கூட்டம் அவர்களோடு இணங்கித்தான் போக வேண்டியிருந்தது.

லெனாப்பே மக்களின் குரல் நமக்குப் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதிய தாளின் வழியேதான் கேட்கிறது. 1638-இல் மினுயிட் எவ்வளவு நிலம் பெற்றார்? கால்மர் நிக்கெல் கப்பலைச் சேர்ந்த நால்வர் அவ்வாண்டு இறுதியில் ஆம்ஸ்டர்டாமில் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள்: ஆற்றின் இருபுறமும், கேட்ட அளவு நாள் பயணத் தொலைவுக்கு நிலத்தைத் தலைவர்கள் தந்துவிட்டார்கள் என்று. 1651-இல் லெனாப்பே தலைவர்கள் டச்சுக்காரர்களிடம் சொன்னதோ வேறு: ஒரு வீடு கட்டவும், ஆறு மரங்களுக்கு இடைப்பட்ட அளவில் பயிர் செய்யவும் மட்டுமே இடம் கொடுத்தோம். முதல் சாட்சியால் ஸ்வீடனுக்கு லாபம். இரண்டாவதை எழுதிவைத்த டச்சுக்காரர்களுக்கு அதனால் லாபம். நிலத்தைச் சேர்ந்து பயன்படுத்த இசைவதும், நிலத்தை என்றென்றைக்கும் விற்றுவிடுவதும் லெனாப்பே மக்களுக்கு வேறு வேறானவை.

அவர்கள் இன்று எங்கே என்று மாணவர் கேட்டால் பதில் வைத்திருக்க வேண்டும். ஆங்கிலக் குடியேற்றம் பெருகப் பெருக அவர்கள் மேற்கே தள்ளப்பட்டார்கள். 1737-இல் வில்லியம் பென்னின் மகன்கள் செய்த 'நடைக் கொள்முதல்' என்னும் ஏமாற்று ஒப்பந்தம் பெரும் நிலப்பரப்பைப் பறித்தது. அவர்களது வழித்தோன்றல்கள் இன்று ஓக்லஹோமா, விஸ்கான்சின், கனடாவின் ஒன்டாரியோ ஆகிய இடங்களில் வாழ்கிறார்கள். டெலாவேரிலும் நியூ ஜெர்சியிலும் இடம்பெயராமல் தங்கிய சமூகங்களும் உண்டு. புதிய ஸ்வீடனைக் கற்பிக்கும்போது இந்தப் பகுதியை விட்டுவிட்டால் கதை பாதியில் நின்றுவிடும்.

வகுப்பறையில் எப்படிப் பயன்படுத்தலாம்?

தொடக்க நிலை. 1693 கடிதத்தை எளிய கதையாகச் சொல்லலாம். 'நீ மிகத் தொலைவில் இருக்கிறாய். ஒரே ஒரு கடிதம்தான் அனுப்ப முடியும். எந்த மூன்று பொருளைக் கேட்பாய்?' என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு அந்த மக்கள் அரிச்சுவடி கேட்டதைச் சொல்லி, ஏன் கேட்டிருப்பார்கள் என்று பேச விடுங்கள். அடுத்து, கால்மைப்போலப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ மூன்று கேள்விகள் கேட்டு எழுதிவரச் செய்யலாம்: சிறுவயதில் வீடு எப்படி இருந்தது, என்ன சாப்பிட்டார்கள், இப்போது வழக்கில் இல்லாத ஒரு சொல் எது? சொன்னவர் பெயர், வயது, கேட்ட தேதி மூன்றும் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். சான்று என்பதன் முதல் பாடம் அதுவே.

நடுநிலை. ஒரு நீளத் தாளில் 1600 முதல் 1700 வரை காலக்கோடு வரையச் சொல்லுங்கள். மேல்பக்கம் நம் கடற்கரை: 1620 தரங்கம்பாடி, 1639 சென்னையில் ஆங்கிலேயர் நிலம் பெற்றது. கீழ்ப்பக்கம் டெலாவேர்: 1638 கிறிஸ்டினா கோட்டை, 1655 வீழ்ச்சி, 1664 ஆங்கில ஆட்சி, 1693 கடிதம். அடுத்தடுத்த ஆண்டுகளில் உலகின் இரு கரைகளில் ஐரோப்பியர்கள் ஒரு தாளைக் காட்டி நிலம் பெற்று, உடனே கோட்டை கட்டியதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். எது ஒன்று, எது வேறு என்று இரு பத்தியில் பட்டியலிடலாம்.

இந்த வயதினருக்கு ஒரு சுவையான செய்தியும் உண்டு. 1640-இல் கால்மர் நிக்கெலின் இரண்டாம் பயணத்தில் வந்த பீட்டர் குன்னார்சன் ராம்போ, 1693 கடிதம் எழுதப்பட்டபோதும் உயிரோடு இருந்தவர். அவர் கொண்டுவந்த விதையிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ஆப்பிள் வகைக்கு ராம்போ என்று பெயர். எழுத்தாளர் டேவிட் மோரல் தம் நாவலின் நாயகனுக்குப் பெயர் தேடியபோது அந்த ஆப்பிளின் பெயர் பிடித்துப்போனதாகச் சொல்லியிருக்கிறார். அந்த நாயகன்தான் பின்னர் திரைப்படத்தில் வந்த ராம்போ. ஒரு பெயர் ஆள், பழம், நாவல், திரை என்று பயணம் செய்ததைக் காட்டிய பின், தங்கள் தெருப்பெயர் எங்கிருந்து வந்தது என்று தேட அனுப்பலாம்.

உயர்நிலை. நிலம் பற்றிய இரண்டு சாட்சியங்களையும் இரு தாள்களில் எழுதி இரு குழுக்களிடம் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். யார் சொன்னது? எப்போது, எங்கே சொன்னது? எழுதியவர் யார்? இதை நம்பினால் யாருக்கு நன்மை? பிறகு இரு குழுக்களும் தாளை மாற்றிக்கொள்ளட்டும். 'எது உண்மை?' என்று அவசரப்பட்டுத் தீர்ப்புக் கேட்க வேண்டாம். இரு தரப்பும் நிலம் என்ற சொல்லை வேறு வேறு பொருளில் புரிந்துகொண்டிருக்கலாம் என்ற இடத்துக்கு அவர்கள் தாமாக வந்து சேரும்வரை காத்திருக்கலாம். அடுத்த வகுப்பில் ஹான்சன் கதையைச் சொல்லி, சமூக ஊடகத்தில் வரும் ஒரு வரலாற்றுச் செய்தியை இதே நான்கு கேள்விகளால் சோதிக்கச் சொல்லுங்கள்.

எல்லா நிலைக்கும் பொதுவான ஒரு பயிற்சி 'காலி நாற்காலி'. பாடம் முடிந்ததும் ஒரு நாற்காலியைக் காலியாக முன்னே வையுங்கள். இந்தக் கதையில் யார் பேசவில்லை என்று கேளுங்கள். அந்தோனி, ஆர்மேகாட், பின்லாந்து உழவரின் மனைவி, லெனாப்பே சிறுமி எனப் பெயர்கள் வரும். ஒருவர் அமர்ந்து, மற்றவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். பதிலில் எது ஆவணத்தில் உள்ளது, எது நம் கற்பனை என்பதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுவது ஆசிரியரின் வேலை. கற்பனையைத் தடுக்க வேண்டாம். அது எந்தப் பத்தியில் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

நமக்கான செய்தி

1693-இல் கடிதம் எழுதியவர்கள் காக்க விரும்பியது தாய்மொழியையும் சமயத்தையும். மொழி சில தலைமுறைகளில் போய்விட்டது. அவர்கள் பொருட்படுத்தாமல் இணைத்து அனுப்பிய பெயர்ப்பட்டியல் மட்டும் மிஞ்சி, ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றையே தாங்கி நிற்கிறது. எது நாளைய சான்றாகும் என்பதை எழுதுகிறவர் முன்கூட்டி அறிவதில்லை. ஆகவே எழுதி வைப்பதும், எழுதியதைச் செல்லரிக்காமல் பார்த்துக்கொள்வதும், யார் விடுபட்டார்கள் என்று கேட்பதும் ஒரே பணியின் மூன்று பகுதிகள்.

நம் பள்ளிகளிலும் அப்படிப்பட்ட ஏடுகள் இருக்கின்றன. நூற்றாண்டு கண்ட பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் ஊரின் தொழில்களும் இடப்பெயர்வும், பெண் குழந்தைகள் எந்த ஆண்டு முதல் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள் என்பதும் பதிவாகியிருக்கும். தலைமையாசிரியரின் அனுமதியோடு, தனிநபர் விவரங்களைப் பொதுவில் வைக்காமல், ஆண்டுவாரியாக எண்ணிக்கையை மட்டும் எடுத்து மாணவர்களோடு ஒரு வரைபடம் தயாரித்துப் பாருங்கள். உள்ளூர் வரலாற்றுத் திட்டப்பணிக்கு அதுவே நல்ல தொடக்கம்.